வெளிச்சத்துக்குத் துருவம் கிடையாது

"ஜின்னாவா, கரும்பா?" 2018 மே மாதம் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் கைரானா மக்களவைத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர் சங்க அரங்கில் பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த முகமது அலி ஜின்னாவின் படத்தை அகற்றச் சொல்லி அந்த மாதம்தான் ரகளை கிளம்பியிருந்தது. ராஷ்ட்ரீய லோக் தளத்தின் ஜெயந்த் சௌத்ரி ஜின்னாவை விட்டுவிட்டு, சர்க்கரை ஆலைகள் விவசாயிகளுக்குத் தர வேண்டிய கரும்புப் பாக்கியைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். 2014-ல் பா.ஜ.க. 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதி அது. எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளராக நின்ற தபஸ்ஸும் ஹசன் 44,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் ஜெயித்தார். அந்த மக்களவைக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து போன முதல் முஸ்லிம் உறுப்பினர் அவர்தான்.

இப்படி ஒரு முடிவு வந்தால் தேர்தல் விமர்சகர்கள் ஒரு சொல்லைத் தேடிப் போவார்கள். இந்திப் பத்திரிகைகளில் அது 'துருவீகரண்'. ஆங்கிலத்தில் போலரைசேஷன். தமிழில் துருவமயமாதல், சில சமயம் முனைப்படுதல். மூன்று மொழியிலும் சித்திரம் ஒன்றுதான்: வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம், நடுவே பனிப்பாலை. ஜின்னா என்றால் துருவமயமானது. கரும்பு என்றால் துருவமயம் தோற்றது.

இந்தச் சொல் பிறந்தது தேர்தல் களத்தில் அல்ல, பூகோளப் பாடத்திலும் அல்ல. பாரிஸ் நகரத்தின் ஒரு ஜன்னலில். 1808-ல் ஒரு மாலை, நெப்போலியனுடன் எகிப்துக்குப் படையெடுத்துப் போய் நோயோடு திரும்பிய ராணுவப் பொறியாளர் எத்தியேன் லூயி மாலுஸ், தன் வீட்டிலிருந்து எதிரே லக்ஸம்பர்க் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஐஸ்லாந்து ஸ்பார் என்ற தெளிந்த படிகம். அதன் வழியே எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். இது 1669-லிருந்தே தெரிந்த விந்தை. ஆனால் அரண்மனை ஜன்னல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய அஸ்தமனச் சூரியனைப் படிகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மறைந்தது. இன்னும் திருப்பினால் அது வந்தது, மற்றது போனது.

ஒளி என்பது நுண்துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் வழியில் நம்பியவர் மாலுஸ். அந்தத் துகள்களுக்குக் காந்தத்தைப் போலத் துருவங்கள் இருக்க வேண்டும், கண்ணாடியில் பட்டதும் அவை ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கின்றன என்று முடிவுகட்டி, 1811-ல் அதற்கு 'போலரைசேஷன்' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே, 36 வயதில் காசநோயில் இறந்துபோனார். அவர் அளந்த அளவுகள் சரி, பெயர்தான் தவறு. 1821-ல் அவர் நாட்டுக்காரரான பிரெனெல், ஒளி குறுக்கலை என்று காட்டினார். அலைக்கு ஏது துருவம்? ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு அரசியலுக்கும் குடிபெயர்ந்தது.

உண்மையில் நடப்பது இதுதான். சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது: மேலும் கீழுமாக, பக்கவாட்டில், சாய்வாக. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு ஆட்டினால், கம்பிகளின் போக்கில் ஆடும் ஆட்டம் மட்டும் அந்தப் பக்கம் போகும் அல்லவா, அதுபோல சில படிகங்களும், போலராய்டு என்ற தாளும் ஒரே ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகின்றன. (அந்தத் தாளின் வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. கொயினா கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் சேர்ந்தபோது கிடைத்த பச்சைப் படிகங்களைப் பற்றி ஹெராபாத் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-ல் எழுதினார். அந்தப் படிகங்களைத் தாளில் அடைக்கும் வித்தைக்கு 1929-ல் காப்புரிமை கேட்டவர் எட்வின் லாண்ட்.) சாய்வாக அதிரும் அலை வடிகட்டியில் முழுதாக மாண்டுவிடுவதில்லை. அதில் செங்குத்தாக உள்ள பங்கு மட்டும் தாண்டுகிறது. வெளியே வரும்போது அசல் செங்குத்து அலையாகவே வருகிறது. தான் சாய்ந்திருந்த சுவடே அதனிடம் இருப்பதில்லை.

தமிழ்நாட்டு பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இதை 'தளவிளைவு' என்கிறது. துருவம் என்ற பேச்சே இல்லை. மாலுஸ் செய்த பிழையைத் தமிழ்ப் பாடநூல் ஓசையின்றித் திருத்திவிட்டது என்றே சொல்ல வேண்டும். அரசியல் பக்கத்தை எழுதுகிறவர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். முஸாபர்நகரில் நடந்தது துருவமயம் அல்ல, தளவிளைவு.

கைரானாவுக்குப் பக்கத்து மாவட்டம் முஸாபர்நகர். கரும்பும் வெல்லமும் அதன் உயிர். அங்கே ஜாட் என்றால் இந்து என்று மட்டும் அர்த்தமில்லை. 'மூலே ஜாட்' எனப்படும் முஸ்லிம் ஜாட்டுகளும் உண்டு. சரண் சிங் கட்டிய அரசியல் கூட்டணியே ஜாட்டுகளும் முஸ்லிம்களும் சேர்ந்ததுதான். 1987-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த மகேந்திர சிங் திகைத்தின் பாரதிய கிசான் யூனியன் கூட்டங்களில் 'ஹர ஹர மகாதேவ்', 'அல்லாஹு அக்பர்' என்று இரண்டு கோஷமும் ஒரே மேடையிலிருந்து எழும். 1989-ல் கடத்தப்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு நியாயம் கேட்டு, திகைத்தின் ஆட்கள் போபாவில் கங்கைக் கால்வாய்க் கரையில் ஒரு மாதத்துக்கும் மேலாகக் குந்தியிருந்தார்கள். திகைத்தின் வலது கை போல இருந்தவர் குலாம் முகமது ஜௌலா.

இவையெல்லாம் சேர்ந்து சொர்க்கமாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சாதிக் கொடுமை இருந்தது, காப் பஞ்சாயத்து இருந்தது, நிலத் தகராறு இருந்தது. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் ஜாட்டாகவும், கரும்பு விவசாயியாகவும், ஆலையிடம் பணம் வராத கடன்காரனாகவும், சரண் சிங் கட்சிக்காரனாகவும், இந்துவாகவும் இருந்தான். பல திசைகளில் அதிர்ந்தான், அவ்வளவுதான்.

2013 ஆகஸ்ட் 27-ம் தேதி கவால் கிராமத்தில் ஒரு சண்டையில் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், இருவர் ஜாட்டுகள். கவாலில் எடுத்தது என்று சொல்லி ஒரு கொலைக் காட்சி செல்போன்களில் சுற்றியது. அது கவாலே அல்ல, பழைய வீடியோ என்று போலீஸ் சொல்வதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். செப்டம்பர் 7-ம் தேதி நடந்த மகாபஞ்சாயத்தை அடுத்து கிராமங்கள் எரிந்தன. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; 50,000-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடினார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். ராணுவம் வந்தது. ஜௌலா கிசான் யூனியனை விட்டு வெளியேறினார். 2014 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 80 தொகுதிகளில் 71-ல் பா.ஜ.க. வென்றது. சரண் சிங்கின் மகன் அஜித் சிங், சொந்தக் கோட்டையான பாக்பத்தில் மூன்றாவது இடத்துக்குப் போனார்.

விவசாயிகள் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்து போகவில்லை. அவர்கள் அதே வயலில், அதே பாக்கியோடு இருந்தார்கள். வாக்குச்சாவடியைத் தாண்டியபோது அவர்களிடமிருந்து ஒரே ஒரு அதிர்வுதான் வெளியே வந்தது. மற்றவை வடிகட்டப்பட்டன. எண்ணிப் பார்த்தவர்களுக்கு இரண்டு கூட்டம் தெரிந்தது.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. ஒரு போலராய்டு தாளின் மேல் இன்னொன்றைக் குறுக்காக வைத்தால் வெளிச்சம் அடியோடு நின்றுவிடும். இருட்டு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது தாளை 45 டிகிரி சாய்வாகச் செருகினால், தடை கூடியும், வெளிச்சம் திரும்ப வருகிறது! முதல் தடவை பார்க்கும் எந்த மாணவரும் தாள்களைப் பிரித்து மறுபடி அடுக்கிப் பார்ப்பார். சாய்ந்த தாள், செங்குத்து அலையிலிருந்து தன் பங்கைச் சாய்வாக எடுத்துக் கொடுக்கிறது. அதிலிருந்து மூன்றாவது தன் பங்கைப் பெறுகிறது. ஆனால் கணக்கு கறாரானது. நூறு பங்கு வெளிச்சம் புறப்பட்டால் வந்து சேருவது பன்னிரண்டரை. இந்தக் கணக்கு மாலுஸின் விதிதான்.

2018-ல் கைரானாவில் செருகப்பட்ட சாய்வுத் தாள், கரும்பு. 2021 ஜனவரியில் விவசாயச் சட்டங்களை எதிர்த்து முஸாபர்நகரில் மகாபஞ்சாயத்து கூடியபோது ஜௌலா மீண்டும் மேடை ஏறினார். அஜித் சிங்கைத் தோற்கடித்தது ஒரு தவறு, முஸ்லிம்களைத் தாக்கியது இன்னொரு தவறு என்று ஜாட்டுகளிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. செப்டம்பர் 5-ம் தேதி அதே ஊரில் கூடிய பெருங்கூட்டத்தில் ராகேஷ் திகைத் தன் தந்தையின் காலத்து இரட்டைக் கோஷத்தை எழுப்பினார். நவம்பரில் சட்டங்கள் வாபஸ் ஆயின. ஜௌலா 2022-ல் காலமானார்.

இதைக் கரும்பின் வெற்றி என்று கொண்டாடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரும்பும் ஒரு வடிகட்டிதான். கரும்பு விலை நிலம் உள்ளவனின் கவலை. 2013-ல் ஊரைவிட்டு ஓடியவர்களில் மிகப் பலர் ஜாட் நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள், கொல்லர்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஆலை பாக்கி வைக்கவில்லை; பாக்கி வைக்க அவர்களிடம் கரும்பே இல்லை. 'விவசாயி ஒற்றுமை' என்ற தாளின் வழியே அவர்களின் குரலும் பாதிதான் வருகிறது. பிறகு அரசியல்வாதிகள் தாளைத் திருப்பவும் செய்வார்கள். 2024 தேர்தலில் ஜெயந்த் சௌத்ரியின் கட்சி பா.ஜ.க. கூட்டணியில் இருந்தது. அப்படியும் முஸாபர்நகரில் பா.ஜ.க.வின் சஞ்சீவ் பால்யான் 24,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் சமாஜ்வாதியின் ஹரேந்திர மாலிக்கிடம் தோற்றார். இருவரும் ஜாட்டுகள். இந்தத் தடவை குறுக்கே வந்தது ராஜபுத்திரர்களின் கோபம்.

இந்தச் செய்திகளை நாடு பார்க்கும் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளில் உள்ள எல்.சி.டி. டெலிவிஷன் என்பது குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்கள், நடுவே திரவப் படிகம். மின்னழுத்தம் மாற மாற, படிகம் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவு மாறுகிறது. புள்ளி எரிகிறது அல்லது அணைகிறது. இரவு ஒன்பது மணி விவாதத்தில் இரண்டு பேர் கத்துவதும், நடுவில் இருப்பவர் இன்னும் சத்தமாகக் கத்துவதும் இதே சாதனத்தின் தயவில்தான் நடக்கிறது. போலராய்டு குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு செல்போனைத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போகும். விவாதம் பார்ப்பதற்கு அதுவே சிறந்த கோணம் என்று நண்பர் ஒருவர் சொல்வார்.

தளவிளைவு மறைக்கும் வேலை மட்டும் செய்வதில்லை, காட்டவும் செய்யும். 1921 செப்டம்பரில் நர்குண்டா கப்பலில் இங்கிலாந்திலிருந்து பம்பாய் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற ராலே பிரபுவின் கூற்றை நம்பவில்லை. நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே தண்ணீரைப் பார்த்தார். மேற்பரப்பில் பட்டு வந்த வான வெளிச்சத்தை அந்தப் பட்டகம் விழுங்கிவிட்டது. கடல் முன்னைவிட நீலமாகத் தெரிந்தது. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களிலிருந்து வந்த மங்கிய ஒளி சாதாரண ஒளிர்தல் அல்ல என்று அடையாளம் கண்டதும், அது பலமாகத் தளவிளைவுற்றிருந்ததைப் பார்த்துத்தான்.

ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம். 1956-ல், 22 வயதில், பெங்களூரில் ராமன் ஆய்வு நிலையத்தில் இருந்தபடி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியை ஒரு தள நிலையிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு, பிறகு தொடங்கிய நிலைக்கே திருப்பிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. பார்வைக்கு அது பழைய ஒளியே. ஆனால் அதன் அலை, போன வழிக்கு ஏற்ப ஓர் அளவு நகர்ந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் அதை யாரும் கவனிக்கவில்லை. 1984-ல் மைக்கேல் பெர்ரி இதைவிடப் பொதுவான ஒரு விதியைக் கண்ட பிறகே பெங்களூர்க் கட்டுரை நினைவுக்கு வந்தது. பஞ்சரத்தினம் 1969-லேயே, 35 வயதில், ஆக்ஸ்போர்டில் இறந்துவிட்டார்.

2013-ல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஒன்பது கிராமங்களைச் சேர்ந்த குடும்பங்களுக்கு உத்தரப் பிரதேச அரசு தலா 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. சொந்த ஊருக்குத் திரும்பிப் போக மாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கரும்பு ஜெயித்த 2018-லும், இரண்டு கோஷங்களும் ஒன்றாக ஒலித்த 2021-லும், அவர்கள் இருந்தது காந்த்லாவிலும் கைரானாவிலும் வயல்வெளி ஓரங்களில் புதிதாக முளைத்த காலனிகளில்.