அம்மை இறங்கிய பிறகு வரும் தள்ளாட்டம்

அரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அம்மை இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி.

தண்ணீர் ஊற்றிய சில நாளில், ஓடியாடத் தொடங்கிய பிள்ளை திடீரென்று தள்ளாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சோறு அள்ளிய கை வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடிக்கிறது. பகலெல்லாம் தூங்கி வழிகிறது, எழுப்பினால் அம்மாவையே யாரோ போலப் பார்க்கிறது. வலிப்பும் வரலாம். காத்து கருப்பு என்றும், சாமிக்குச் செய்ததில் ஏதோ குறை என்றும் வீட்டில் பேச்சு எழும். ஆனால் இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தொற்றுக்குப் பின் மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் அழற்சி அது. மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஏடெம்’ என்பார்கள். லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்குக்கூட வராத அரிய நோய். ஆனால் மணல்வாரி கண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிறது.

இந்த நோயின் சூட்சுமம் பிடிபட்டதில் நம் குன்னூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. வீட்டில் அறுபதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பார்கள். டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911இல் கசௌலியில் உருவாக்கிய மருந்து அது. செம்மறியாட்டின் மூளையில் வெறிநாய்க்கடிக் கிருமியை வளர்த்து, மூளையை அப்படியே அரைத்து, பீனால் சேர்த்துக் கிருமியைச் சாகடிப்பார்கள். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஆட்டு மூளையில் செய்த ஊசி மருந்தைப் பல்லாண்டுகள் தயாரித்தது. எத்தனையோ உயிரைக் காத்த மருந்து. ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, ஓரிரு வாரத்தில் கால் விழுந்தது, நினைவு தப்பியது. செத்த கிருமி எப்படி இதைச் செய்யும்?

1930களில் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் விடை தேடினார். கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சில குரங்குகளுக்கு அதே முடக்கம் வந்தது. குற்றவாளி கிருமியல்ல, மூளைத் திசு. வெளியிலிருந்து வந்த மூளைத் திசுவை எதிரி என்று பழகிய உடல், தன் சொந்த மூளையையும் அதே கண்ணால் பார்த்துவிட்டது.

உடல் எதைக் கடிக்கிறது? போர்வெல் மோட்டாருக்குப் போகும் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்பு நன்றாகத்தான் இருக்கும், மேலுறை உரிந்தால் மோட்டார் ஓடாது. நரம்பு இழைகளுக்கும் மயலின் என்ற கொழுப்புறை உண்டு. உரிவது அதுதான். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடங்கள் மேகத் திட்டு போல வெள்ளையாகத் தெரியும். மணல்வாரியோ வேறு வைரஸோ வந்துபோன பிறகும் இதே தடுமாற்றம் நேரலாம். வைரஸோடு போரிட்ட அணுக்கள் மயலினையும் வைரஸின் சாயலாகப் பார்க்கின்றன என்பது ஒரு விளக்கம். காய்ச்சல் விட்ட பிறகு நோய் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஸ்டீராய்டு வேலை செய்கிறது, சண்டையை நிறுத்துவதால். மெத்தில்பிரட்னிசலோனை இரத்தக் குழாய் வழியாக 3 முதல் 5 நாள் செலுத்தி, பிறகு மாத்திரையாகக் கொடுத்து, 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். பாயோடு கிடந்த பிள்ளை எழுந்து நடப்பதைப் பார்க்கும் பெற்றோருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் எல்லா மூளைக்காய்ச்சலுக்கும் இது மருந்தல்ல. 1955இல் இந்தியாவில் முதன்முதலாக வேலூரில் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வைரஸே மூளைக்குள் புகுந்துவிடுகிறது. ஹெர்பிஸ் வைரஸும் அப்படித்தான், அதற்கு அசைக்ளோவிர் வேண்டும். எது எது என்று பிரித்தறியத்தான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனைக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

‘மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்தது, தானாகப் போய்விட்டது’ என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தடுப்பூசிக்கு அஞ்சவும் வேண்டாம். மூளைத் திசுவில் செய்த நாய்க்கடி மருந்தை இந்தியா 2004 டிசம்பரோடு நிறுத்திவிட்டது, இன்று போடுவது உயிரணு வளர்ப்பில் செய்தது. மணல்வாரித் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. உங்கள் பிள்ளையின் அட்டையில் இரண்டும் குறித்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.