காக்கும் புரதமே வருத்தும்போது

எமது உடலிலுள்ள கோடானுகோடி கலங்கள் தமக்கிடையே இடையறாது செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அச்செய்திகளைச் சுமந்து செல்லும் புரதங்களுள் ஒன்றே, ரி.என்.எப். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கட்டி நசிவுக் காரணியாகும். நன்மையும் தீமையும் ஒரே பொருளில் உறைந்திருப்பதற்கு இது சிறந்ததோர் உதாரணமாகும்.

1975 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் லொயிட் ஓல்ட் தலைமையிலான ஆய்வாளர்கள், எலிகளின் புற்றுக்கட்டிகளை நசியச் செய்யும் பொருளொன்றைக் கண்டறிந்து இப்பெயரைச் சூட்டினர். ஆயினும் அதன் பிரதான பணி வேறு. நோய்க்கிருமி உட்புகுந்ததும் வெண்குருதிக் கலங்கள் இப்புரதத்தைச் சுரக்கின்றன. அது அழற்சியைத் தூண்டி, ஏனைய பாதுகாப்புக் கலங்களை அவ்விடத்திற்கு அழைக்கின்றது. அக்கலங்கள் காசநோய்க் கிருமியைச் சுற்றி அரணமைத்துச் சிறைவைப்பதும் பெரிதும் இப்புரதத்தின் துணையினாலேயே.

ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தேவையற்ற இடத்திலும் இச்செய்தி ஓயாது ஒலிக்குமாயின் அழற்சி நிலைத்துவிடுகின்றது. ருமற்றொயிட் மூட்டுவாதத்தில் குருத்தெலும்பும் என்பும் அரிக்கப்படுவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. 1992 இல் லண்டனில் மார்க் பெல்ட்மன், இந்தியாவில் பிறந்த ரவீந்தர் மைனி ஆகியோர், இப்புரதத்தைத் தடுக்கும் பிறபொருளெதிரியை நோயாளர்களுக்குச் செலுத்தி, வலியும் வீக்கமும் தணிவதைக் கண்டனர். 1998 இல் இவ்வகை மருந்துகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. முடங்கியிருந்த பலருக்கு அவை மறுவாழ்வளித்தன.

எனினும், காவலனைக் கட்டிப்போட்டால் சிறையும் திறந்துகொள்ளும். இன்பிளிக்ஸிமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களுள் 70 பேர் காசநோய்க்கு உள்ளானமை 2001 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தெரியவந்தது. அவர்களுள் 48 பேர் மூன்று தடவைகளோ அதற்குக் குறைவாகவோதான் அம்மருந்தைப் பெற்றிருந்தனர்.

உலக மக்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் காசநோய்க் கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலானோரிடம் நோய் வெளிப்படுவதேயில்லை. ஆகவேதான் இம்மருந்துகளை ஆரம்பிக்கும் முன்னர் தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்றேயும் அவசியமாகின்றன. மறைந்திருக்கும் தொற்றுக்கு முதலில் சிகிச்சையளித்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

காசநோயை வெட்கத்திற்குரியதாகக் கருதி மறைக்கும் வழக்கம் எம்மவரிடையே இன்னும் முற்றாக அகலவில்லை. தமக்கோ வீட்டிலுள்ளோருக்கோ முன்னர் அந்நோய் இருந்திருப்பின், அதனை வைத்தியரிடம் ஒளியாது கூறுதல் வேண்டும். பரிசோதனையில் புலப்படாததையும் சிலவேளை அந்த ஒரு வார்த்தை புலப்படுத்திவிடும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.