எடை குறைந்தது, தோல் ஏன் சுருங்கவில்லை?

மாணவர்களே, ரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் உடனே சுருங்கும். பல மாதம் இழுத்தே கட்டி வைத்தால் தொய்ந்துவிடும். நம் தோலும் ஏறக்குறைய அப்படித்தான்.

தோலின் உள்ளடுக்கில் இருவகைப் புரத இழைகள் உள்ளன. கொலாஜன் உறுதி தருகிறது. எலாஸ்டின் விரிந்த தோலை மீண்டும் சுருங்கச் செய்கிறது. உடற்பருமனால் பல ஆண்டுகள் விரிந்திருந்தால் இவ்விழைகள் சிதைகின்றன. அதனால், இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் எடை வேகமாகக் குறைந்தாலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். உடற்பயிற்சி தசையை வலுவாக்கும்; சிதைந்த இழையை மீட்காது.

இங்கிலாந்தின் பால் மேசன் 400 கிலோவுக்கும் மேல் எடை கொண்டிருந்தவர். 2010-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு எடை குறைந்தார். தொங்கிய தோலை அகற்ற 2015-இல் நியூயார்க்கில் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

இது அழகுப் பிரச்சினை மட்டுமன்று. ராசா முதல் கோல சிலாங்கூர் வரை நம் வட்டாரத்தின் புழுக்கத்தில் மடிப்புகளுக்குள் வியர்வை தேங்கும்; அரிப்பு, புண், பூஞ்சைத் தொற்று வரலாம். தினமும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். புண் ஆறாவிட்டால் மருத்துவரை நாட வேண்டும்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். எடை குறைத்தவரின் தொங்கும் தோலை நீங்களும் காணக்கூடும். அது சோம்பலின் அடையாளமன்று, கேலி வேண்டாம்.