ரகத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறது: வம்பன் வரை வந்த வேளாண் பல்கலைக்கழகம்

உளுந்து விதைக்குக் கடைக்குப் போனால் 'வம்பன் 8 இருக்கிறதா?' என்று கேட்கிறோம். நெல்லுக்கு ஆடுதுறை, கடலைக்குத் திண்டிவனம், முருங்கைக்குப் பெரியகுளம். விதை மூட்டையில் இவை விபிஎன், ஏடிடி, டிஎம்வி, பிகேஎம் என்று சுருக்கமாக அச்சாகியிருக்கும். கோ என்றால் கோயம்புத்தூர், விஆர்ஐ என்றால் விருத்தாசலம். அந்த ரகத்தை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைத்தான் இந்த எழுத்துகள் சொல்கின்றன.

வெளி மாநிலத்தில் இருந்து வந்த ரகங்களுக்கும் இதே வழக்கம்தான். பிபிடி 5204 ஆந்திராவின் பாபட்லாவில் இருந்தும், சி.ஆர். 1009 ஒடிசாவின் கட்டாக்கில் இருந்தும் வந்தவை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்றதும் கோவையில் இருக்கும் பெரிய கட்டடம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் ஆராய்ச்சி மாநிலம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கு அருகே வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. குடுமியான்மலையில் 2014-ல் வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கோவைக்குப் பேருந்து ஏறாமலேயே பல்கலைக்கழகத்தின் வாசலுக்குப் போய்விடலாம்.

சைதாப்பேட்டையில் தொடக்கம்

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. 1868-ல் அங்கு ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. 1906-ல் அது கோவைக்கு மாற்றப்பட்டது. 1920-ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. கல்லூரியும் ஆராய்ச்சிப் பண்ணைகளும் அப்போது வேளாண்மைத் துறையின் கீழேயே இயங்கின. 1971 ஜூன் 1-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானதும், கல்வியும் ஆராய்ச்சியும் துறையிடம் இருந்து பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன.

சைதாப்பேட்டைப் பள்ளி தொடங்கி 8 ஆண்டுகள் கழித்து, ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில் சப்போரோ வேளாண் கல்லூரி திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய ஹொக்கைடோ பல்கலைக்கழகம். கல்லூரியைத் தொடங்கி நடத்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரித் தலைவர் வில்லியம் கிளார்க் 1876-ல் வரவழைக்கப்பட்டார்.

ஹொக்கைடோவில் குளிர் கடுமை. அங்கு நெல் சரிவராது, கோதுமையும் மாடு வளர்ப்பும்தான் ஏற்றவை என்பது அரசுக்கு ஆலோசனை சொன்ன வெளிநாட்டு நிபுணர்களின் கருத்து. ஆனால் அதற்கு முன்பே, 1873-ல், ஷிமமாட்சு என்ற ஊரில் நகயாமா கியூசோ என்ற விவசாயி குளிரைத் தாங்கும் நெல்லைப் பயிரிட்டு அறுவடை செய்துவிட்டார். அந்த வழியில் நெல் பரவியது. பின்னாளில் ஆராய்ச்சியும் சேர்ந்துகொண்டது. இன்று ஜப்பானில் அதிகம் நெல் விளையும் பகுதிகளில் ஹொக்கைடோவும் ஒன்று. நிபுணர் முடியாது என்றதை வயலில் ஒருவர் செய்து காட்டினார். அது எழுத்தில் பதிவாகி மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்ததால்தான் ஒரு பகுதியின் பயிரே மாறியது.

மூன்று கைகள்

கிளார்க் வந்த அமெரிக்கக் கல்லூரி, 1862-ம் ஆண்டுச் சட்டத்தால் அரசு நிலம் ஒதுக்கி வளர்த்த கல்லூரிகளில் ஒன்று. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற மூன்றையும் ஒரே பல்கலைக்கழகம் பார்க்கும் முறை அந்தக் கல்லூரிகளில்தான் வளர்ந்தது. இந்தியாவில் இந்த முறையில் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960-ல் பந்த்நகரில் தொடங்கியது. கோவை அதைப் பின்தொடர்ந்தது.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் கிராமத்துக்கு வந்து ஆலோசனை சொல்லும் பணியாளரும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரே. நம் ஊரில் அந்த வேலை வேளாண்மைத் துறையிடம் இருக்கிறது. வயலுக்கு வரும் உதவி வேளாண் அலுவலர் துறையின் ஊழியர். ரகம் உருவாக்கும் விஞ்ஞானி பல்கலைக்கழகத்தின் ஊழியர். இருவருக்கும் இடையே பாலமாக இருப்பது வேளாண் அறிவியல் நிலையம். இதற்கு நிதி தருவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். வம்பன் நிலையத்தை நடத்துவது பல்கலைக்கழகம்.

ஆகவே, ஒரு விவசாயியின் கேள்வி விஞ்ஞானியிடம் போய்ச் சேர இரண்டு அலுவலகங்களைத் தாண்ட வேண்டும். வழியில் எங்காவது நின்றுபோனால், 'அந்தப் பகுதியில் பிரச்சினை எதுவும் இல்லை' என்றுதான் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு ரகம் பிறக்கும் விதம்

உளுந்தில் நாம் அதிகம் அஞ்சுவது மஞ்சள் தேமல் நோயை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் இது. செடிக்கு வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் தாங்கும் ரகமே முதல் காப்பு. வம்பன் 8, 10, 11 போன்றவை இந்தத் தேவைக்காகவே வந்தன. வம்பன் 8-ன் வயது 65 முதல் 75 நாள்.

இப்படி ஒரு ரகம் வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும். முதலில் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக்கட்டித் தேர்வு செய்கிறார்கள். அடுத்து மற்ற நிலையங்களில் விதைத்து ஒப்பிடுகிறார்கள். அதன் பிறகு விவசாயிகளின் வயல்களிலேயே ஒப்பீட்டுத் திடல் போடப்படுகிறது. மாநில ரக வெளியீட்டுக் குழு ஏற்றுக்கொண்ட பின் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்கப்படுகிறது. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை.

ரகம் வெளியானதோடு வேலை முடிவதில்லை. நோய்க் கிருமியும் மாறிக்கொண்டே இருக்கும். இன்று தாங்கும் ரகம் சில ஆண்டுகளில் தாங்காமல் போகலாம். அதை முதலில் பார்ப்பவர் விவசாயிதான். மேலும் புதுக்கோட்டை மாவட்டம் ஒரே மாதிரியானது அல்ல. அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், சம்பா அறுத்த தரிசில் உளுந்து. மற்ற பகுதிகளில் செம்மண், கண்மாய், மானாவாரி. நெல் தரிசுக்கென்று ஆடுதுறை 3 நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஓரிடத்துக்கு ஏற்றது இன்னோர் இடத்துக்குச் சரிவராமல் போகலாம். எது எங்கே சரிவரவில்லை என்ற தகவல் விஞ்ஞானிக்கு விளைச்சல் கணக்கு போலவே தேவை.

கேள்வி மேலே போக என்ன செய்யலாம்?

* சான்று விதை வாங்கினால் அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள். ரகத்தின் பெயர், விதைத்த தேதி, தெளித்த மருந்து, மழை பெய்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

* நோய் தாக்கினால் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாமல், செடியை வேரோடு பிடுங்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் உள்ள நல்ல செடி ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோனால் ஒப்பிட உதவும்.

* முதலில் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள். அங்கு விடை கிடைக்காவிட்டால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம்.

* மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். நான்கைந்து பேரின் வயலில் ஒரே பிரச்சினை என்றால் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது.

* வேளாண் அறிவியல் நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளும் உறுப்பினர்கள். உங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எந்தத் திடல், எந்தப் பயிற்சி என்பது அந்தக் கூட்டத்தில் பேசப்படுகிறது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'மஞ்சள் தேமல் இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் விஞ்ஞானிக்குப் பயன் குறைவு. எந்த ரகம், எந்தப் பட்டம், சான்று விதையா, சொந்த விதையா, எத்தனை ஏக்கர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உளுந்து தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் பலரும் சொந்த விதையையே வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் வேறு ரகங்கள் கலந்துவிடும். கலந்த விதையில் வந்த நோயை ரகத்தின் குறையாக எழுதிவிட்டால் ஆராய்ச்சியின் திசையே தவறிவிடும்.

சைதாப்பேட்டையில் இருந்து கோவைக்குப் போன பள்ளி நம் மாவட்டம் வரை வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நம் வயலின் பிரச்சினை ஆலங்குடிப் பக்கம் வம்பனுக்குப் போக ஒரு பேருந்து போதும். இந்தப் பட்டத்தில் சந்தேகப்படும்படி ஒரு செடி கண்ணில் பட்டால் அதைப் பிடுங்கி எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.