தம்பி நீச்சல் போட்டிக்குப் போறான்: உங்க சம்பளத்துல எவ்வளவு போகும்?

உங்க வீட்டுல முதல் பேஸ்லிப் உங்களோடதா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

டோல்கேட், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் நிறைய வீடுகள்ல இதுதான் நிலைமை. அப்பா துறைமுகத்துலயோ மணலி பக்கம் ஒரு கம்பெனியிலயோ கான்ட்ராக்ட்ல வேலை பார்த்திருப்பார். பிஎஃப், ஃபார்ம் 16 எல்லாம் அந்த வீட்டுக்கு முதல்ல கொண்டு வந்தது நீங்க. அதனால எந்தப் புதுச் செலவு வந்தாலும் எல்லாரும் உங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. கோடை லீவுல நீச்சல் கத்துக்கப் போன தம்பியைப் பத்தி கோச் ஒரு நாள், "பையன்கிட்ட வேகம் இருக்கு, மீட்டுக்கு அனுப்பலாம்"னு சொல்லுவார். அன்னைக்கு ராத்திரி அம்மா வந்து, "மாசம் மூவாயிரம்தானாம்டா"ன்னு சொல்லுவாங்க.

அந்த மூவாயிரத்தை நம்பி ஆரம்பிக்கிறதுலதான் சிக்கலே. மொத்தச் செலவுல அது மூணுல ஒரு பங்குதான் வரும்.

முழு பில் எவ்வளவு?

உதாரணமா உங்க கைக்கு வர்ற சம்பளம் மாசம் 32,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். கீழே வர்ற எல்லா எண்ணும் கணக்குக்காகத்தான், உங்க நிலவரத்துக்கு மாத்திக்கங்க. கோச்சிங்கும் குளக் கட்டணமும் சேர்த்து 3,000. தினமும் தண்ணியில இறங்கற பையன் சாப்பிடற சாப்பாடே வேற. முட்டை, பால், வாழைப்பழம்னு கூடுதலா 1,500 வெச்சுக்கங்க.

அடுத்தது போக்குவரத்து. வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டினது. பெரிய மீட் பலதும் அங்கதான் நடக்கும். டோல்கேட்ல இருந்து கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். தினமும் டூவீலர்ல போய் வந்தா 50. மாசம் 26 நாளைக்கு 1,300 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தா 29 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலும் 2,900. மெட்ரோல போகலாமேன்னு கேப்பீங்க. 2021-ல டோல்கேட் ஸ்டேஷன் திறந்தது பெரிய உதவிதான். ஆனா முதல் ரயிலே காலையில 5 மணிக்கு. கிண்டி போகவே சுமார் 40 நிமிஷம், அங்கிருந்து வேளச்சேரிக்கு இன்னொரு வண்டி. காலை பேட்ச்சுக்கு சரிப்பட்டு வராது.

ஆக மாசம் 7,400, வருஷத்துக்கு 88,800. இதோட மூணு உள்ளூர் மீட்டுக்குத் தலா 1,500, ஒரு வெளியூர் மீட்டுக்குப் பையனும் கூட ஒருத்தரும் போய்வர 12,000, கண்ணாடி, தொப்பி, உடை எல்லாத்துக்கும் 5,000 சேருங்க. மொத்தம் 1,10,300. மாசத்துக்குப் பிரிச்சா கிட்டத்தட்ட 9,200, அதாவது உங்க சம்பளத்துல 29 சதவீதம்! நீங்க கூடப் போற நாள்ல லீவு இல்லாம சம்பளம் பிடிச்சா அது தனி. 32,000 சம்பளக்காரருக்கு ஒரு நாள் எல்ஓபி 1,067 ரூபாய்.

உங்களை பயமுறுத்த இதைச் சொல்லல. இந்த எண்ணை ஜனவரியிலயே பார்த்துட்டா வழி கண்டுபிடிக்கலாம். ஆகஸ்ட்ல கிரெடிட் கார்டு பில்லுல பார்த்தா முடியாது.

எங்க குறைக்கலாம்?

முதல்ல பெட்ரோல்தான். தினமும் 50 மீட்டர் குளம் வேணும்னு அவசியமே இல்ல. வீட்டுக்குப் பக்கத்துல, 5 கிலோமீட்டருக்குள்ள 25 மீட்டர் குளம் கிடைச்சா வாரநாள் பயிற்சியை அங்க வெச்சுக்கிட்டு, ஞாயிறு மட்டும் பெரிய குளத்துக்குப் போகலாமான்னு கோச்கிட்ட கேளுங்க. 22 நாளைக்கு 10 கிலோமீட்டர், 4 ஞாயிறுக்கு 50 கிலோமீட்டர்னா மொத்தம் 420தான். பெட்ரோல் ஆயிரத்துக்குள்ள அடங்கும். வருஷத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல மிச்சம். தினமும் ரெண்டு மணி நேரத் தூக்கமும் மிச்சம், வளர்ற பையனுக்கு அது இன்னும் முக்கியம்.

"கடலே பக்கத்துலதானே இருக்கு"ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. வேண்டாம். திருவொற்றியூர் கரையில கல் கொட்டின தடுப்புகளும் இழுப்பும் இருக்கு. காசிமேட்டுப் பசங்க தண்ணிக்குப் பயப்பட மாட்டாங்கங்கிறது உண்மைதான், ஆனா குளத்துப் போட்டியில பாதி வேலை சுவர்லதான் நடக்குது. 100 மீட்டர் பந்தயத்துல பெரிய குளத்துல ஒரு திருப்பம், 25 மீட்டர் குளத்துல மூணு திருப்பம். அதைக் கடல் கத்துக்கொடுக்காது.

வீட்டுப் பக்கத்துல குளம் இருக்கிறது எவ்வளவு பெரிய மானியம்னு தெரியணும்னா சாஜன் பிரகாஷைப் பாருங்க. கேரளாவுல பிறந்தவர், வளர்ந்தது நம்ம நெய்வேலியில. அம்மா ஷாண்டிமோள் முன்னாள் தடகள வீராங்கனை, என்எல்சி ஊழியர். ஒரே சம்பளத்துல தனியா வளர்த்தாங்க. அவர் நீச்சல் ஆரம்பிச்சது டவுன்ஷிப் குளத்துல. 2021-ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிஷம் 56.38 விநாடியில முடிச்சு, ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்தியர் ஆனார். பின்னாடி பெங்களூரு, தாய்லாந்துன்னு போனாலும், சின்ன வயசுல மாசா மாசம் பெட்ரோலுக்குப் போகாத பணம்தான் அஸ்திவாரம்னு கணக்குப் பார்க்கிறவனா எனக்குத் தோணுது.

இன்னொரு பக்கமும் இருக்கு. குற்றாலீஸ்வரன் 1994-ல 12 வயசுல பாக் ஜலசந்தியை நீந்தினார், அதே வருஷம் ஆங்கிலக் கால்வாய். ஒரே ஆண்டுல 6 கால்வாய்களைக் கடந்து மிஹிர் சென்னோட சாதனையை முறியடிச்சார். அர்ஜுனா விருதும் வாங்கினார். ஆனா ஸ்பான்சர் கிடைக்காததால நீச்சலை விட்டுட்டுப் படிப்புப் பக்கம் போனதா அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். திறமையில அவருக்கு என்ன குறை? பணம் வர்ற வழிதான் யாருக்கும் உறுதியா இல்ல. நடிகர் மாதவன் குடும்பம் பையன் வேதாந்தோட பயிற்சிக்காக துபாய்க்கே குடி போனாங்க. நம்மால அது முடியாது, அதனால கணக்கு இன்னும் கறாரா இருக்கணும்.

மீட் தேதியில இருந்து பின்னாடி வாங்க

வருஷ ஆரம்பத்துல கோச்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இந்த வருஷம் இவனுக்கு எது முக்கியமான மீட்?" ஒண்ணே ஒண்ணு. மத்த மூணும் அதுக்கு ஒத்திகை. வர்ற மீட்டுக்கெல்லாம் பேர் கொடுத்தா பணமும் போகும், பையனும் களைச்சுப் போவான்.

முதல் ஒத்திகை எதுக்குன்னா நேரம் எடுக்க. எந்த மீட்டுலயும் பேர் கொடுக்கும்போது, இதுவரைக்கும் அவன் எடுத்த நேரத்தைக் கேப்பாங்க. அதை வெச்சுத்தான் ஹீட்ஸ் பிரிப்பாங்க, 8 லேன் குளத்துல வேகமான ஆளுக்கு 4-வது லேன். 25 மீட்டர் குளத்துல சுவரைத் தள்ளிக் கிளம்பற வாய்ப்பு அதிகம், அதனால நேரம் குறைவா வரும். அந்த நேரத்தை 50 மீட்டர் குளத்து நேரம்னு நினைச்சு, "தகுதி நேரத்தைத் தொட்டுட்டான்"னு வெளியூர் டிக்கெட் போட்டுடாதீங்க.

வயசுப் பிரிவை டிசம்பர் 31 அன்னைக்கு என்ன வயசுன்னு வெச்சுப் பார்ப்பாங்க. ஜனவரியில பிறந்தவனும் டிசம்பர்ல பிறந்தவனும் ஒரே பிரிவு. உங்க தம்பி டிசம்பர் பிள்ளைன்னா கிட்டத்தட்ட ஒரு வயசு மூத்த பசங்களோட மோதறான். புதுப் பிரிவுக்கு ஏறுற முதல் வருஷமும் அப்படித்தான், போன வருஷம் பதக்கம் வாங்கினவன் இந்த வருஷம் ஃபைனலுக்கே வர மாட்டான். நிறைய வீடுகள்ல "பணம் வேஸ்ட்"னு நிறுத்தறது இந்த வருஷத்துலதான். அதனால இடத்தைப் பார்க்காதீங்க, நேரத்தைப் பாருங்க. ஒரு நோட்டுல தேதி, குளத்தோட நீளம், நேரம் மூணையும் எழுதிட்டு வாங்க. நேரம் குறைஞ்சுட்டே இருந்தா உங்க பணம் வேலை செய்யுது.

மீட்டுக்கும் சாமானுக்கும் வருஷத்துக்கு 21,500 ஆகுதுன்னு பார்த்தோமே, அதுக்கு மாசம் 1,800 ரூபாய்க்கு பேங்க்ல 12 மாச ஆர்டி போடுங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷம், இதுக்கு ஆகாது. ரயில் டிக்கெட் 60 நாள் முன்னாடிதான் திறக்கும், அதனால அந்தத் தேதிக்கு முன்னாடியே ஆர்டி முடியற மாதிரி ஆரம்பிங்க. ஹீட்ஸ் காலையிலயே இருக்கும். ராத்திரி ரயில்ல தூங்காம போய் நேரா குளத்துல இறக்கினா 12,000 ரூபாய் தண்ணியில போன மாதிரிதான். ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேருங்க, அறை வாடகையைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

எதுக்குச் செலவு பண்ண வேண்டாம்?

கடையில பல ஆயிரம் ரூபாய்க்கு ரேஸ் உடை காட்டுவாங்க. அமெரிக்க நீச்சல் அமைப்பே 2020 செப்டம்பர்ல இருந்து 12 வயசும் அதுக்குக் கீழயும் இருக்கிறவங்களுக்கு அந்த மாதிரி உடையைத் தடை பண்ணியிருக்கு. பிள்ளைங்க தினமும் வளர்றாங்க, ஆறு மாசத்துல அது அளவு பத்தாது. உடலோட ஒட்டி நிக்கிற சாதா உடை போதும். அந்தக் காசுல ரெண்டாவது கண்ணாடியும் ரெண்டாவது தொப்பியும் வாங்கி பையில போடுங்க. ரேஸுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கண்ணாடி வார் அறுந்தா என்ன பண்ணுவீங்க?

கடைசி வாரம் கோச் தூரத்தைக் குறைப்பார். "பணம் கட்டியிருக்கோம், ஏன் கம்மியா நீந்த விடறார்?"னு சண்டைக்குப் போகாதீங்க, அது உடம்பைத் தயார் பண்ற முறை. சாப்பாட்டுல புதுசு எதுவும் வேண்டாம். இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம்னு பழகினதே போதும். அத்தோ, பேஜோ எல்லாம் மீட் முடிஞ்சு பீச் ஸ்டேஷன் பக்கம் வந்தப்புறம். ஸ்டார்ட் சிக்னலுக்கு முன்னாடி குதிச்சா ஒரே தடவையில தகுதி நீக்கம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளையில சுவரை ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல தொடணும். இதை பயிற்சியிலயே ஆயிரம் தடவை பண்ண வெச்சா போதும், பைசா செலவில்லாம ஒரு மீட் காப்பாத்தப்படும்.

வரி விஷயம், சிஏவா சொல்றேன்

தம்பியோட கோச்சிங் ஃபீஸுக்கு வரிச் சலுகை கிடையாது. அந்தச் சலுகை சொந்தப் பிள்ளைங்களோட முழுநேரப் படிப்புக் கட்டணத்துக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில. ரசீதுல ஜிஎஸ்டின்னு தனியா காசு வாங்கினா பதிவு எண் இருக்கான்னு பாருங்க. எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

பரிசுப் பணம் வந்தா? முதலமைச்சர் கோப்பை மாநிலப் போட்டியில தனிநபர் பிரிவுல தங்கத்துக்கு 1 லட்சம், வெள்ளிக்கு 75,000, வெண்கலத்துக்கு 50,000 கொடுத்திருக்காங்க. மைனர் பிள்ளை தன் திறமையால சம்பாதிக்கிற பணம் பெற்றோர் வருமானத்தோட சேராது, அது அவன் பேர்லயே இருக்கும். அதை எஃப்டி போட்டு வர்ற வட்டி மட்டும், அப்பா அம்மால யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேரும். இந்த வித்தியாசம் தெரியாம ரிட்டர்ன் போடறவங்க நிறைய. கேலோ இந்தியா திட்டத்துல தேர்வானா மாசம் 10,000 கைச்செலவுத் தொகை உண்டு. ஆனா தேர்வாகறவங்க ரொம்பக் கொஞ்சம், அதை பட்ஜெட்ல வரவா எழுதாதீங்க.

ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ்ல பொதுவா தம்பி தங்கச்சி வர மாட்டாங்க. தோள்பட்டை வலி இந்த விளையாட்டுல சாதாரணம். அப்பா அம்மா பேர்ல குடும்ப பாலிசி எடுத்து, அதுல அவனைச் சேருங்க.

கடைசியா, எதைத் தொட மாட்டோம்னு முதல் நாளே வீட்டுல பேசிடுங்க. ஆறு மாச அவசர நிதி, உங்க டெர்ம் பாலிசி, பெற்றோரோட மெடிக்கல் பாலிசி இந்த மூணும் நீச்சலுக்காக உடையக் கூடாது. பெர்சனல் லோனும் கிடையாது. நேரம் ரெண்டு வருஷமா குறையலன்னா, வெளியூர் மீட்டை நிறுத்திட்டு உள்ளூரோட வெச்சுக்கலாம்னு ஒரு கோடு போடுங்க. இதைத் தம்பியை உட்கார வெச்சே பேசுங்க. செலவு எவ்வளவுன்னு அவனுக்கும் தெரியட்டும், ஆனா தோத்த அன்னைக்கு அதைச் சொல்லிக் காட்டாதீங்க.

இந்தக் கணக்கோட எக்செல் ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க சம்பளம், குளத்துக்கு எவ்வளவு தூரம், உங்க வண்டி மைலேஜ் இந்த மூணையும் மாத்தினா போதும், மிச்சத்தை அதுவே போட்டுக்கும்.