திருத்தம் தயார், கைப்பேசிக்குத்தான் வந்து சேரவில்லை

கெடா தோட்டப்புறங்களில் புதுக் கைப்பேசி முதலில் பிள்ளைகள் கைக்குத்தான் போகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் வேறொன்று வாங்கும்போது, பழையது அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வந்து சேரும். 2021 டிசம்பர் 31உடன் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு, 3ஜி கைப்பேசி வைத்திருந்தவர்கள் 4ஜிக்கு மாற வேண்டி வந்தபோதும் பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது.

இன்று அந்தப் பழைய கைப்பேசியில் வாட்ஸ்ஆப் இருக்கிறது. வங்கிச் செயலியும் டச் என் கோ மின்பணப்பையும் இருக்கின்றன. திரையில் கீறல் இல்லை, பேட்டரியும் தாங்குகிறது. அப்படியானால் கைப்பேசி நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை என்பதை 2019இல் வெளியான ஒரு பிழை காட்டியது. சி.வி.இ-2019-2215 என்ற எண்ணால் அறியப்படும் இந்தப் பிழை, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கெர்னலில் இருந்தது.

கெர்னல் என்றால் என்ன?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. தோட்டத்து ஆபீசில் இருக்கும் கிராணியோடு அதை ஒப்பிடலாம். எந்த லயத்து வீடு யாருக்கு, யார் காலி செய்தார், அடுத்து யார் வருகிறார் என்பதெல்லாம் கிராணியின் பேரேட்டில் இருக்கும். அதேபோல, கைப்பேசியின் நினைவகத்தில் எந்த இடம் எந்தச் செயலிக்கு என்று பிரித்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்குவதும் கெர்னலின் வேலை. ஒரு செயலி இன்னொரு செயலியின் இடத்துக்குள் நுழையாமல் காவல் காப்பதும் அதுதான். கெர்னலே ஏமாந்துவிட்டால் பிறகு காவலுக்கு ஆள் இல்லை.

நடந்த தவறு

கிராணியிடம் இரண்டு நோட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று வீட்டுப் பேரேடு. மற்றொன்று, யார் வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியல். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. கிராணி பேரேட்டில் பெயரை அடித்துவிட்டு வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இரண்டாவது நோட்டில் பழைய பதிவு அப்படியே இருக்கிறது. பிறகு அந்த நோட்டைப் பார்த்து வேலை செய்பவர், பழைய குடும்பம் இருப்பதாக நினைத்துப் புதியவர் வீட்டுக்குள் போய்ச் சாமான்களை மாற்றி வைக்கிறார்.

ஆண்ட்ராய்டு கெர்னலில் நடந்ததும் இதுவே. செயலிகளுக்கிடையே தகவல் கொண்டுசெல்லும் ‘பைண்டர்’ என்ற பகுதி, வேலை முடிந்ததும் தன் நினைவக இடத்தை விடுவித்துவிடும். ஆனால் காத்திருப்போர் பட்டியல் ஒன்று அந்த இடத்தையே இன்னும் சுட்டிக்கொண்டிருந்தது. விடுவித்த இடத்தை மீண்டும் தொடும் இவ்வகைத் தவறு, நினைவகப் பாதுகாப்புப் பிழைகளில் மிகவும் ஆபத்தானது. காலியான இடத்தில் தனக்கு வேண்டியதைத் தந்திரமாக வைக்கத் தெரிந்தவன், கைப்பேசி முழுவதையும் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர முடியும்.

இதைச் சரிசெய்யத் தேவைப்பட்டது சில வரிகள்தான். இடத்தை விடுவிப்பதற்கு முன், காத்திருப்போர் பட்டியலிலிருந்து அந்தப் பதிவை நீக்கிவிட வேண்டும். அதாவது, பேரேட்டில் பெயரை அடிக்கும் முன் இரண்டாவது நோட்டிலும் அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வழியில் நின்றுபோன திருத்தம்

கெர்னலைத் தானாகவே சோதிக்கும் சிஸ்காலர் என்ற கருவி 2017 நவம்பரிலேயே இந்தப் பிழையைக் கண்டுபிடித்துவிட்டது. 2018 தொடக்கத்தில் லினக்ஸ் கெர்னலில் திருத்தமும் சேர்க்கப்பட்டது. ஆனால் அது பாதுகாப்புப் பிழை என்று அப்போது எண் கொடுத்துப் பதிவு செய்யப்படவில்லை. ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலும் இடம்பெறவில்லை. அதனால் கடையில் விற்பனையில் இருந்த பல கைப்பேசிகளுக்கு அது போகவே இல்லை.

2019 செப்டம்பரில் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன், இதே பிழை உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதற்கான அறிகுறிகள் இருப்பதை அறிந்து புகார் செய்தார். வழக்கமாக இத்தகைய புகாருக்கு 90 நாள் அவகாசம் தரப்படும். இம்முறை 7 நாள் மட்டுமே தரப்பட்டது. கூகுளின் சொந்த பிக்சல் 2, சாம்சுங் எஸ்8, ஹுவாவே பி20, சியாவ்மி ரெட்மி 5ஏ ஆகியவை பாதிக்கப்பட்டவையாகக் குறிப்பிடப்பட்ட கைப்பேசிகளில் சில. 2019 அக்டோபர் பாதுகாப்புப் புதுப்பிப்பில்தான் திருத்தம் முறையாக வெளியானது. திருத்தம் எழுதப்பட்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தாமதத்துக்கு இந்த நீண்ட சங்கிலியும் ஒரு காரணம். லினக்ஸில் எழுதப்படும் திருத்தத்தை கூகுள் எடுக்க வேண்டும். பிறகு சில்லு நிறுவனம், அதன்பின் கைப்பேசி நிறுவனம். கடைசியில் பயனரும் ‘அப்டேட்’ பொத்தானை அழுத்த வேண்டும். எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கைப்பேசி பழைய நிலையிலேயே நிற்கும்.

கணினிகளிலும் இதே கதைதான். விண்டோஸ் கெர்னலின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த நினைவகப் பிழைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது. அதை நிறுவாத கணினிகளை, இரண்டே மாதத்தில், மே 12ஆம் தேதி ‘வான்னாகிரை’ தாக்கியது.

மொழியை மாற்றும் முயற்சி

கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதில் நினைவகக் கணக்கு நிரலாளர் பொறுப்பு. ஒரு மறதி போதும். இத்தகைய தவறுகளில் பெரும்பாலானவற்றை எழுதும்போதே தடுக்கும் ரஸ்ட் மொழிக்கு 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 முதல் இடம் கிடைத்தது. பைண்டர் பகுதியையே கூகுள் பொறியாளர்கள் ரஸ்டில் திருப்பி எழுதினர். ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்ததாக கூகுள் தெரிவித்துள்ளது. ஆனால் இந்தப் பலன் புதிய கைப்பேசிகளுக்குத்தான். புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசிக்கு இதில் எதுவும் வராது.

வீட்டில் செய்ய வேண்டியது

கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அபௌட் போன்’ என்பதைத் திறந்தால், ‘செக்யூரிட்டி பேட்ச்’ என்ற இடத்தில் ஒரு தேதி தெரியும். சில கைப்பேசிகளில் ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ என்பதையும் திறக்க வேண்டும். அது 2019 அக்டோபர் 6 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மேற்சொன்ன பிழை அடைபட்டுவிட்டது. ஆனால் புதிய பிழைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுவதால், தேதி ஓராண்டுக்கு மேல் பின்தங்கியிருந்து, புதிய புதுப்பிப்பும் வராவிட்டால், அந்தக் கைப்பேசியை வாட்ஸ்ஆப் பேச, யூடியூப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். வங்கிச் செயலியும் மின்பணப்பையும் அதில் வேண்டாம்.

திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்புகளைத் திறக்கவே கூடாது. இத்தகைய மோசடிக்குக் கெர்னல் பிழைகூடத் தேவையில்லை. நாமே கொடுக்கும் அனுமதி போதும். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே வங்கிக்கோ 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணுக்கோ அழைக்க வேண்டும்.

புதிதாக வாங்குவோர் கேமராவைக் கேட்பதோடு, எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்றும் கடையில் கேட்கலாம். சில கைப்பேசிகளுக்கு இப்போது 7 ஆண்டு வரை தருகிறார்கள்.

பழைய கைப்பேசியை அம்மாவிடம் கொடுக்கும் பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கொடுப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பார்த்து, புதுப்பிப்பு இருந்தால் நிறுவிவிட்டுக் கொடுக்க வேண்டும். அம்மாவின் சேமிப்பு இனி அந்தக் கைப்பேசியில்தான் இருக்கப்போகிறது.