ராப்: தெருவின் குரல்

அம்பா எனும் மீனவர் பாட்டைப் பாடி வலை இழுத்த கடற்கரை மக்களுக்கு, தாளத்தோடு பேசும் ராப் அந்நியமாகத் தோன்றாது.

1988-ல் அமெரிக்காவின் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ. ராப் குழு ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பத்தை வெளியிட்டது. அக்குழுவின் ஐஸ் கியூப், டாக்டர் டிரே, ஈஸி-ஈ ஆகியோர் போலீஸ் அராஜகத்தையும் தெருச் சண்டையையும் பச்சையாகப் பாடினார்கள். மறு ஆண்டே, அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிலிருந்து கண்டனக் கடிதம் போனது. பெண்களை இழிவாகப் பேசிய வரிகளை ஏற்க முடியாது. அதிகாரத்தைக் கேள்வி கேட்ட துணிச்சலை மறுக்கவும் முடியாது.

அந்தத் துணிச்சல் தமிழிலும் உண்டு. 2006-ல் மலேசிய ராப் பாடகர் யோகி பி ‘வல்லவன்’ ஆல்பத்தைத் தந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றி, சாதியை எதிர்த்துப் பாடியது. ராப் பாடகர் அரக்கோணம் அறிவு அந்தக் குழுவில் பாடியவர்தான்.